அசல் சூப்பைத் தேடிய ஃப்ரிட்ஜ் மெக்கானிக்

என் அக்கா புருஷனுக்கு ஊரில் உள்ள எல்லாச் சாப்பாட்டுக் கடைகளும் அத்துப்படி. ஆனால் அவரைக் கடையின் முன்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் சந்தையில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிப்பார். இருபத்தாறு வருஷமாக ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கடைக்காரர்கள் அவரைப் பின்வாசல் வழியாகத்தான் கூப்பிடுவார்கள், பின்வாசல் வழியாகத்தான் அனுப்புவார்கள். பெயர்ப் பலகை, கண்ணாடிக் கதவு, மேஜைமேல் வைத்த பிளாஸ்டிக் பூ, இதையெல்லாம் அவர் பார்த்ததே கிடையாது. அவருக்குத் தெரிந்தது பாத்திரம் கழுவும் தொட்டி, ஈ மொய்க்கும் குப்பை டிரம், எலிப்பொறி, அதற்கப்பால் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு ஃப்ரீசர். "சிவப்பு லாந்தர் தொங்குமே, அந்தச் சைனீஸ் கடை" என்றால் யோசிப்பார். "கதவு ரப்பர் கிழிஞ்ச ஃப்ரிட்ஜ் இருக்குமே, அந்தக் கடை" என்றால் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்.

இந்த ஞானத்தின் பலன், மனுஷன் வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் கொடுத்தால் வாங்கி என் கையில் திணித்துவிடுவார். "நான் பாத்ததை நீ பாத்திருந்தா இதைத் தொடக்கூட மாட்ட, மாப்ள" என்பார். சொல்லிவிட்டு, நான் தின்பதை அருவருப்போடு பார்த்துக்கொண்டிருப்பார்.

நானும் அந்தக் கடைகளோடு சம்பந்தப்பட்டவன்தான். சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்தபடியாக எனக்குச் சோறு போடுவது மெனு கார்டு. சைனீஸ் கடை திறப்பவன் எவனும் மெனுவை யோசித்து எழுதிக்கொண்டு வருவதில்லை. பக்கத்துக் கடையின் கார்டில் பெயரை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, "இதே மாதிரி அடிச்சுக் குடுங்க" என்று நீட்டுவான். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் நாற்பத்தேழாம் எண்ணில் ஒரே கோழிதான் இருக்கும். அட்டையில் இருக்கும் டிராகனும் ஒன்றேதான். என் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு டிராகன் படம்தான் இருக்கிறது, அதற்கு ஒரு காலில் நகமே கிடையாது. அதற்குக் கீழே சிவப்பில், கொட்டை எழுத்தில், 'அசல் சீன உணவகம்' என்றோ 'அசல் தாய்லாந்து உணவகம்' என்றோ போட்டுத் தருவேன். அசலா என்று நான் யாரையும் கேட்டதில்லை, எனக்கென்ன வந்தது?

இப்படி இருந்த எங்கள் இரண்டு பேரையும் ஊரில் உள்ள சைனீஸ் கடை, தாய்லாந்து கடை எல்லாவற்றிலும் ஏறி இறங்க வைத்தது என் அக்கா.

அக்கா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். வாய் ஒரு பக்கம் திட்டிக்கொண்டிருக்கும், கால் ஒரு பக்கம் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும். போன வருஷக் கடைசியில் மார்பில் கட்டி என்று கண்டுபிடித்து அறுத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து அவள் முடியை எடுத்துக்கொண்டது, பசியை எடுத்துக்கொண்டது, கடைசியில் திட்டுவதையும் எடுத்துக்கொண்டது. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. நாலாவது தடவைக்குப் போனபோது டாக்டர் எடை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். முப்பத்தொன்பது கிலோ. "நாப்பத்திரண்டு கிலோவாவது இல்லாம அடுத்த மருந்து ஏத்த முடியாது. இருபது நாள் தர்றேன். எது இறங்குதோ அதைக் குடுங்க" என்றார்.

எதுவும் இறங்கவில்லை. கஞ்சி வைத்தால் இரும்பு வாடை என்றாள். பழம் கொடுத்தால் சாம்பல் என்றாள். "நாக்கு செத்துப்போச்சுடா தம்பி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அவளாகவே பேசினாள். "ஏங்க, ஒரு மழைநாள் ஒரு சூப்பு கொண்டாந்தீங்களே, ஞாபகம் இருக்கா? தண்ணியா, புளிப்பா, உள்ள புல்லு மாதிரி ஏதோ கிடந்துச்சே. அது கிடைச்சா ஒரு வாய் குடிப்பேன்."

அத்தானுக்கு ஞாபகம் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முந்திய கதை. யாரோ ஒரு அம்மாவின் கடையில் ஃப்ரிட்ஜைச் சரிசெய்தபோது, அந்த அம்மா கட்டாயப்படுத்தி ஒரு தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள். வாழ்க்கையில் அவர் வெளியிலிருந்து வாங்கி வாயில் வைத்த ஒரே சாப்பாடு அதுதான். ஆனால் எந்தக் கடை?

"ஒத்தக் கதவு ஃப்ரிட்ஜ், மாப்ள. கேஸ் போயிருந்துச்சு. கதவுக் கைப்பிடியில சணல் கயிறு கட்டியிருந்தாங்க."

"தெரு சொல்லுங்க அத்தான்."

"தெரு எவனுக்குத் தெரியும்? மழை வேற."

தேடிப்போய் ஒரு சந்தில் நின்றோம். இதுதான் என்று அவர் காட்டிய இடத்தில் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். முன்னால் அங்கே என்ன இருந்தது என்று அந்தக் கடைக்காரனுக்குத் தெரியவில்லை. சரி, ஒரு கடை போனால் என்ன, ஊரில்தான் அசல் அசல் என்று இத்தனை கடை இருக்கிறதே என்று கிளம்பினோம். எங்கள் அசட்டுத்தனத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் கடைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனோம். வாசலில் மீன் தொட்டி. அதில் ஒரு மீன் மல்லாந்து மிதந்தது. மற்ற மீன்கள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன. மேஜையில் கை வைத்தால் கை ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. மெனு கார்டைத் திறந்தால் என் டிராகன். சூப் வந்தது. நான் அச்சகத்துக்காரன், பசை என்றால் எனக்குத் தெரியும். சத்தியமாகச் சொல்கிறேன், அதைத் தொட்டு போஸ்டர் ஒட்டலாம். ஆரஞ்சு நிறத்தில், ஸ்பூனைத் தூக்கினால் நூலாகக் கூடவே எழுந்து வந்தது. அக்கா ஒரு வாய் வைத்தாள். முகம் போன போக்கைப் பார்த்து அத்தான் எழுவதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, சாக்கடை ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்த கொஞ்சநஞ்சமும் வெளியே வந்துவிட்டது.

கடை முதலாளி பல் குத்திக்கொண்டே வந்து பார்த்தான். "அசல் சைனீஸ் டேஸ்ட் சார் இது. மேடத்துக்குப் பழக்கமில்லை போல" என்றான். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அக்காவைத் தாங்க ஆள் வேண்டியிருந்ததால் பிழைத்தான்.

அதற்குப் பிறகு அக்காவை அலைக்கழிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் போய் ருசி பார்ப்பது, தேறினால் வாங்கி வருவது என்று முடிவு செய்தோம். வெளியே தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன், பெண்டாட்டிக்காகக் கடை கடையாக உட்கார்ந்து வாயைத் திறந்தார். ஒவ்வொரு வாய்க்கும் அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

தாய்லாந்து கடை ஒன்றுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் சென்ட் வாடை மூஞ்சியில் அடித்தது. பரிமாறுகிற பெண்களுக்குப் பளபளவென்று பட்டுத்துணி சுற்றிவிட்டிருந்தார்கள், பாவம், வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சூப்பில் தேங்காய்ப்பால் பவுடர் கரையாமல் கட்டி கட்டியாக மிதந்தது. அதில் சர்க்கரை வேறு. "பாயசத்துல இறால் போட்டிருக்கான்" என்றார் அத்தான். பழக்கதோஷத்தில் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் முகம் வெளிறியிருந்தது.

"என்ன அத்தான்?"

"அந்த இறால் மூணு தடவை செத்திருக்கு மாப்ள. உருக்கி, உறைய வச்சு, திரும்ப உருக்கி. ஃப்ரீசர் அடியில ரத்தத் தண்ணி ஐஸா நிக்குது. வா போயிரலாம்."

வேறொரு கடையில், ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியில், சமையல்காரன் கொஞ்சம் நல்லவனாக இருந்தான். காதில் பூச்சுற்றாமல் உள்ளதைச் சொன்னான். "சைனீஸுக்கும் தாய்க்கும் ஒரே சட்டிதான் சார். தக்காளி சாஸ் ஊத்தினா சைனீஸ், தேங்காப்பால் பவுடர் போட்டா தாய். ரெண்டுக்கும் மேல இந்த வெள்ளைத் தூளு ஒரு கரண்டி. சாப்பிடுறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது." நீ சீனாக்காரரிடம் வேலை கற்றாயா என்று கேட்டேன். "கோழி மொத்த வியாபாரிகிட்ட லோடு ஏத்திக்கிட்டிருந்தேன் சார்" என்றான். அந்தக் கடைக்கு, 'சீனச் சமையல் வல்லுநரின் கைப்பக்குவம்' என்று போன மாதம்தான் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். அத்தானிடம் நான் அதைச் சொல்லவில்லை.

இடையில் நானே வீட்டில் காய்ச்சிப் பார்த்தேன். பெரிய கடையில் கண்ணாடிப் புட்டியில் விற்ற எலுமிச்சைப்புல் விழுதை வாங்கி வந்து, செய்முறையை நாலு தடவை படித்து, மாங்கு மாங்கென்று வேலை பார்த்தேன். அக்கா மோந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள். "பாத்திரம் கழுவுற சோப்பு மாதிரி இருக்குடா" என்றாள். நான் குடித்துப் பார்த்தேன். சோப்பேதான்.

பதினாறு நாள் போய்விட்டது. எடை முப்பத்தெட்டரை. ஏறவேண்டியது இறங்கிக்கொண்டிருந்தது. அத்தான் வேலைக்கே போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவின் மணிக்கட்டைத் தன் விரலால் சுற்றிப் பிடித்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு மத்தியானம்தான் எனக்கு ஒரு கடை ஞாபகம் வந்தது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிறது. போனிலேயே ஆர்டர் சொல்லி, ஆள் அனுப்பி கார்டை வாங்கிக்கொண்டு போனார்கள். 'அசல் சீன - தாய் உணவகம்.' அந்த ஆள், "ஓனரம்மா நிஜமாவே அந்த ஊர்க்காரங்க சார்" என்று சொன்னது நினைவிருந்தது. இப்படிச் சொன்னவர்கள் எத்தனையோ பேர் என்பதால் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போனோம். புதுக் கட்டடம், பெரிய கூடம், பத்துப் பன்னிரண்டு மேஜை. அத்தான் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த இடத்தை நான் பாத்ததே இல்ல" என்றார். சூப் சொன்னோம். மூன்றே நிமிஷத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

"இது காய்ச்சினது இல்ல மாப்ள, உருக்கினது" என்றார், குடிக்காமலே.

குடித்தார். வழக்கமாக முகத்தைச் சுளிப்பவர், ஸ்பூனை வாயிலேயே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நானும் ஒரு வாய் எடுத்தேன். பசை இல்லை, சர்க்கரை இல்லை. தண்ணியாக, புளிப்பாகத்தான் இருந்தது. ஆனால் புல் வைக்கோலாகியிருந்தது, காளான் அழிரப்பர் மாதிரி பல்லில் இழுபட்டது, எல்லாவற்றுக்கும் அடியில் பழைய ஐஸின் வாடை. உடம்பு இருக்கிறது, உயிர் இல்லை. மற்ற கடைகளில் குமட்டியது. இங்கே எனக்கு ஆத்திரம் வந்தது.

"இது அந்தச் சூப்புதான்" என்றார் அத்தான். "அதேதான். ஆனா என்னமோ ஆயிருக்கு." எழுந்து நேராகச் சமையலறைக்குள் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

உள்ளே குள்ளமாக ஒரு அம்மா, தலையில் துணி கட்டி நின்றாள். அத்தானைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

"மெஷின் அண்ணே! எத்தனை வருஷம்! வாங்க, வாங்க!"

எங்கள் மொழியை அவள் தட்டுத்தடுமாறித்தான் பேசினாள். அப்பா சீனர், அம்மா தாய்லாந்துக்காரி, கப்பலில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். அத்தானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு ஃப்ரீசர் இருந்தது. ஆளை நீட்டிப் படுக்க வைக்கலாம், அவ்வளவு பெரியது. மூடியைத் தூக்கினாள். பிளாஸ்டிக் பைகளில் செங்கல் செங்கலாக உறைந்த சூப், அடுக்கடுக்காக.

"நீங்கதான் சொன்னீங்க, அண்ணே. 'தினம் தினம் ஏம்மா மார்க்கெட் போறீங்க? பெருசா ஒண்ணு வாங்குங்க. திங்கக்கிழமை காய்ச்சுங்க, ஞாயித்துக்கிழமை வரை விக்கலாம்.' நான் கேட்டேன். பழைய கடையில இது உள்ள போகல. அதான் இங்க வந்தேன். இப்ப முதுகு வலி இல்ல. காலையில நல்லாத் தூங்குறேன்." சிரித்தாள். "எங்க அப்பா போன்ல சண்டை. நேத்துக் காய்ச்சின சூப்பு விக்கிறவ என் மக இல்லன்னு. நான் சொன்னேன், மெஷின் அண்ணே பெரிய ஆளு, அவருக்குத் தெரியும்னு."

அத்தான் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குளிர்ப் புகை அவர் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு சட்டி மட்டும்... பச்சைச் சாமான் போட்டு, பழைய மாதிரி... என் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லம்மா" என்றார்.

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "சாமான் கிடைக்காது அண்ணே. புல்லு, இலை எல்லாம் ஒருத்தர் சைக்கிள்ல கொண்டு வருவார். இப்ப வர்றதில்ல. யாரும் வாங்கலன்னு தொழிலையே விட்டுட்டார். எல்லாக் கடையிலயும் இப்ப ஃப்ரீசர்தானே?" இரண்டு செங்கல்லை எடுத்து உருக்கி, ஒரு தூக்கில் ஊற்றி, சம்சாரத்துக்கு என்று கொடுத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றாள். அவளைத் திட்டக்கூட வழி இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டில் அக்காவை நிமிர்த்தி உட்கார வைத்து, சூப்பைச் சூடாக்கிக் கிண்ணத்தில் கொடுத்தோம். ஒரு வாய் எடுத்தாள். நான் பக்கெட்டோடு தயாராக நின்றேன். வாந்தி வரவில்லை. வாயிலேயே வைத்திருந்து மெதுவாக விழுங்கினாள். கிண்ணத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அதே கடையா?"

"ஆமா."

"அந்தப் பொம்பளை கைதான், தெரியுது." திடீரென்று அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. "நல்லா இருந்ததை எந்த நாசமாப் போறவன் இப்படிக் கெடுத்தான்?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன், யார் என்று கேட்டால் உலகத்தைக் கை காட்டியிருப்பேன்.

"நான்தான்" என்றார் அத்தான்.

சொல்லி முடித்தார், ஃப்ரீசர், திங்கட்கிழமை, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும்.

"எத்தனை கடைக்கு இந்த யோசனை சொன்னீங்க?"

விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். பாதியிலேயே நிறுத்திக் கையைத் தொங்கப் போட்டார்.

"எல்லாக் கடைக்கும்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ அதுக்கெல்லாம் அசல்னு அச்சடிச்சுக் குடுத்தே, இல்ல?"

"ஆமாக்கா."

"தூ" என்றாள், இரண்டு பேருக்கும் சேர்த்து. பிறகு தூக்கைக் காட்டினாள். "மிச்சத்தையும் ஊத்துங்க."

"வேணாம், உனக்குப் பிடிக்கலன்னா..."

"பிடிக்குதோ பிடிக்கலையோ, நாப்பத்திரண்டு ஆகணும்ல? ஊரையே கெடுத்து வச்சுட்டு இப்ப பிடிக்குதான்னு கேக்குறீங்களா? ஊத்துங்க!"

இரண்டு மாதத்துக்கு அப்புறம் அவள் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவர் ஊற்றினார். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள், அவரைத் திட்டினாள். இன்னொரு வாய் குடித்தாள், என்னைத் திட்டினாள். குமட்டிக்கொண்டு வரும்போது கண்ணை மூடி, பல்லைக் கடித்து, உள்ளே தள்ளிவிட்டு, மறுபடியும் ஸ்பூனை நீட்டினாள். ஒரு வாய்க்கு ஒரு திட்டு. அத்தான் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அது காலியாகும்வரை அவர் தலை நிமிரவில்லை.